பின்சீட்டுக்காரரும் ஒற்றை சீட்டு வண்டியும்

பின்சீட்டுக்காரர் கடை எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் விழிப்பார்கள். கார், பைக், ஸ்கூட்டர் எதுவானாலும் கிழிந்த சீட்டைப் பிரித்து, அமுங்கிப்போன ஃபோமை எடுத்து எறிந்துவிட்டு, புது ரெக்சின் இழுத்துத் தைத்துத் தருவது அவர் தொழில். பெயர் வந்தது அதனால்தான் என்று அவர் சொல்லிக்கொள்வார். ஊர் அப்படிச் சொல்லாது. ஊருக்கெல்லாம் சீட்டுத் தைத்துக் கொடுக்கும் மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காலையும் மாலையும் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறித்தான் போய் வருவார். யார் எதை நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று அவர் ஆராயப் போனதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை, மனைவிக்கு வேலையே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான். டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். கறுப்புக் கோட்டு வக்கீல்கூட, தெருமுனையில் டீச்சர் நிற்பதைப் பார்த்தால், திரும்பவே வேண்டாத இடத்திலும் இண்டிகேட்டர் போட்டுவிடுவார். பின்சீட்டுக்காரரும் அந்த மாணவர்களில் ஒருவர்தான். என்ன, தேறாத மாணவர். கிளட்சை விட்டால் பிரேக்கைப் பிடிப்பார், பிரேக்கை விட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் மைதானத்தில் இருந்த ஒரே மரத்தைத் தேடிப் போய் மோதி ஹெட்லைட்டை உடைத்தார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டில் விடக் கிளம்பினார். வழியில், முன்னால் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்து, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டார் மனிதர். டீச்சர் ஒரு வளைவை ஒழுங்காகத் திரும்பி முடித்துவிட்டு, சரி என்றார்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவரே பிறகு யோசித்துக் கண்டுபிடித்தார். டீச்சருக்கு எதிரில் நின்றால் அவருக்கு வாய் வராது. அந்த அம்மாவின் முகத்தில் கோபம் இருக்காது, கேள்விதான் இருக்கும். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் இவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அதே ஆள் பின்சீட்டில் ஏறிவிட்டால் கதையே வேறு. எதிரில் முகம் கிடையாது, முதுகுதான். முதுகோடு பேச யாருக்கு என்ன பயம்? வீடு மாறியது, மகளை வெளியூரில் படிக்க அனுப்பியது, அண்ணனோடு இருந்த மனஸ்தாபத்தைத் தலைமுழுகியது எல்லாமே ஸ்கூட்டரில் பேசி முடிவானவைதான். டீச்சரும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், சொல்லுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பகல் முழுக்கச் சங்கதி சேர்த்து வைத்திருப்பார்.

அந்த ஸ்கூட்டர் சீட்டும் அவர் கையால் தைத்ததுதான். வாங்கின வாரமே கம்பெனி சீட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பின்பாதியை ஒரு விரல் உயர்த்தி, லேசாகச் சரித்து, ஃபோமை மூன்று அடுக்காக வைத்து, முதுகுக்கு ஒரு சாய்மானமும் கொடுத்தார். முன்பாதியில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓட்டுகிறவர் நேராக உட்கார்ந்தால்தான் கவனம் இருக்கும் என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பழைய சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் போதும், உள்ளங்கையை அதன்மேல் ஒரு தடவை ஓட்டிவிட்டு, உட்கார்ந்தவரின் வண்டவாளத்தை எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு பக்கமாக அமுங்கியிருந்தால் பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்கிற ஆள். ஓரம் தேய்ந்திருந்தால் அவசரக்காரர். பின்பாதி புத்தம் புதிதாக இருந்தால், பாவம், தனி ஆள். சீட்டு எதையும் மறைக்காது என்பார். மனிதர்கள் விஷயத்தில் அவருக்கு அந்த அளவு கை வரவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். சாது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்து அலுத்துப்போய், ஓய்வு பெறும் வயதில் ஆசைப்பட்டு ஒரு பைக் வாங்கினார். சாதாரண பைக் இல்லை. எங்கேயோ ஒரு பட்டறையில், பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் கட்டிய கஸ்டம் வண்டி. லிமிடெட் எடிஷன். மொத்தமே பன்னிரண்டு வண்டிதான் செய்தார்களாம். இது ஏழாவது என்று டேங்கின்மேல் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. கரும்பச்சை டேங்க், தாழ்ந்த ஹேண்டில்பார், பழுப்புத் தோலில் தைத்த ஒற்றை சீட்டு, அதன் பின்னால் வாத்து முதுகு போல ஒரு மேடு. டாக்டர் இரண்டாவது கை. முதல் கைக்காரரும் அதிகம் ஓட்டவில்லை என்று கேள்வி. காரணம், ஓட்டுவதற்கு அது அவ்வளவு சுலபமாக மசிகிற வண்டி இல்லை.

வாங்கிய பிறகுதான் டாக்டருக்கு அது தெரிந்தது. டீச்சரிடம் வந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்றால், வந்தார், வண்டியைக் கீழே போட்டார், நிமிர்த்தினார், மறுபடி வந்தார். எப்படி வளைப்பது என்று காட்டுவதற்காக டீச்சர் ஒருநாள் அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அன்று மாலை ஸ்கூட்டரில் பின்சீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த சங்கதி ஒன்றுகூட வெளியே வரவில்லை. வழி நெடுக டீச்சர்தான் பேசினார். வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போதும் பேசினார். தட்டைக் கழுவும்போதும் பேசினார். வளைவில் அந்த வண்டி எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பதை ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு விளக்கினார். இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி டீச்சர் அப்படி யாரிடமாவது பேசியிருப்பாரா என்று அவருக்கு ஒரு சின்னக் கணக்கு ஓடியது.

பிறகு டாக்டர் வீட்டில் நிலவரம் மாறியது. பைக் நின்றிருந்தது வீட்டுக் கூடத்தில். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், விரிப்பு போட்டு. மகள் இரட்டைக் குழந்தைகளோடு வந்து தங்கப்போவதால் கூடம் காலியாக வேண்டும் என்றார் டாக்டரின் மனைவி. வண்டி போக வேண்டும், இல்லாவிட்டால் தான் போக வேண்டும் என்றும் சொன்னாராம். முடிவு சொல்ல டாக்டர் ஒருநாள் அவகாசம் கேட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் டீச்சரைத் தேடி வந்தார். இதை ஓட்டத் தெரிந்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான், உங்களிடம் கொடுத்தால் எனக்கு நிம்மதி என்றார். விலையில் தாராளமாக நடந்துகொண்டார். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தார். வண்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது. இரண்டாவது, ஈடாக டீச்சரின் ஸ்கூட்டரைத் தந்துவிட வேண்டும். தனக்கு ஓட்ட வருவது அந்த மாதிரி வண்டிதான் என்று இப்போது தெரிந்துவிட்டதாம்.

டீச்சர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டிக்குத்தான் இடம். அதனால் இரண்டாவது நிபந்தனை டீச்சருக்குப் பொருத்தமாகவே பட்டது. பின்சீட்டுக்காரரின் கணக்கு வேறு. வரப்போவது ஒற்றை சீட்டு. போகப்போவது அவருடைய பின்சீட்டு. கடைக்கு பஸ்ஸில் போய்விடலாம், அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இனிமேல் எங்கே உட்கார்ந்து பேசுவது?

இதை அவர் ஸ்கூட்டரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் முன்னால் இருந்த முதுகு அன்றைக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் டீச்சர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். பின்சீட்டுக்காரர் வாயைத் திறந்தார், ஒரு கொசு உள்ளே போனது, மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் டாக்டர் வீட்டுக்கு வண்டி பார்க்கப் போனார்கள். டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை டேங்குக்கு அடியில் நீட்டி, தூசி இல்லை என்று காட்டினார். பிறகு நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தெருவுக்கு இறக்கினார்கள். டீச்சர் ஏறி உட்கார்ந்தார். "பின்னால தள்ளி உட்காருங்க டீச்சர், நுனியில உட்கார்ந்திருக்கீங்க" என்று டாக்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தபோது டீச்சரின் முகத்தைப் பின்சீட்டுக்காரர் பார்த்தார். வழக்கமாக அந்த முகத்தில் இருக்கும் கேள்வி இல்லை. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க டீச்சர் உட்காருவது பக்கத்து இருக்கையில். காலுக்கடியில் ஒரு உபரி பிரேக் இருக்கும். யார் யாரோ ஓட்டும் வண்டிக்கு இவர் கால் பதறும். சாயங்காலம் முதுகுக்குப் பின்னால் கணவன். அந்த இரண்டும் இல்லாத ஒரு முகத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்தது நன்றாக இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

டீச்சர் இறங்கி, "சீட்டு எப்படி இருக்குன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா சரி" என்றார்.

சீட்டு விஷயத்தில் டீச்சர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் குனிந்தார். உள்ளங்கையை ஓட்டினார். குறை இருக்கக் கூடாதா என்று ஏங்கியபடிதான் ஓட்டினார். தையல் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஃபோம் இறுக்கமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. தன் கடையில் தைத்த எதுவும் இதற்கு ஈடாகாது என்று கை சொன்னது. வாய் வேறு சொன்னது.

"பார்வைக்கு நல்லா இருக்கு டீச்சர். ஆனா ஃபோம் தப்பு. இதுல கொஞ்ச நாள் உட்கார்ந்தா இடுப்பு போயிடும்."

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் கணவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியை டாக்டர் கையில் வைத்து, மன்னிச்சுக்குங்க டாக்டர், இவர் சொன்னா அப்பீல் கிடையாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். பின்சீட்டுக்காரர் ஏறிக்கொண்டார். மூன்று அடுக்கு ஃபோம், சாய்மானம், எல்லாம் அவருக்கே மிச்சமாகிவிட்டது. வழியில் டீச்சர், "ம், சொல்லுங்க" என்றார். வீடு வரும்வரை ஹெல்மெட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் அவர் புகழ் பாட ஆரம்பித்துவிட்டார். எங்க வீட்டுக்காரர் சும்மா கைதான் வச்சார், உடனே சொல்லிட்டார், இல்லாவிட்டால் என் இடுப்பு என்ன ஆகியிருக்கும் என்று கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு வேறு வேலை ஏது? கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வக்கீல் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, சும்மா கை மட்டும் வைத்துப் பாருங்கள் என்றார். ஒரு அம்மா வீட்டு சோபாவைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். புகழ் இவ்வளவு கசக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

ஸ்கூட்டரில் ஏறினால் வாய் திறப்பதில்லை. சீட்டு அப்படியேதான் இருந்தது, பேச்சுதான் போய்விட்டது. தினமும் டீச்சர், "ம், சொல்லுங்க" என்பார். வெயில் ஜாஸ்தி என்பார் இவர். மழை பெய்த நாளிலும் அதையே சொல்லி மாட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒரு பிற்பகல், டாக்டர் கடைக்குள் வந்தார். கையில், குழந்தையைத் தூக்கி வருவதுபோல, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினார். பழுப்புத் தோல். அந்தச் சீட்டேதான்.

"நீங்க சொன்னதிலிருந்து எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார் டாக்டர்.

இத்தனைக்கும் அவர் அதில் உட்கார்ந்ததே கொஞ்ச நேரம்தான். ஆனால் நிபுணர் சொன்ன பிறகு வலிக்காமல் இருக்க அவர் இடுப்புக்குத் தைரியம் இல்லை. யோசித்துப் பார்த்து, தானே திருகாணிகளைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஒன்றையும் மாற்றக் கூடாது என்று சொன்னது அது குறையில்லாத வண்டி என்று நம்பியதால்தானாம். குறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன பிடிவாதம்? பிரித்து, ஃபோமை மாற்றித் தாருங்கள் என்றார். வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

"எப்படியும் பிரிக்கத்தான் போறீங்க. அந்த மேட்டை எடுத்துட்டு ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி பண்ணினாலும் பண்ணிடுங்க. அப்பவாவது டீச்சர் வாங்கிக்குவாங்களா கேளுங்க."

டாக்டர் போன பிறகு பின்சீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்காமலே எல்லாம் மடியில் வந்து விழுந்திருக்கிறது. டீச்சருக்கு வண்டி. தனக்குப் பின்சீட்டு. பொய்க்கும் சமாதி கட்டியாகிவிடும்; பிரித்துப்போட்ட பிறகு ஃபோம் நல்லதா கெட்டதா என்று யார் கண்டார்? கத்தரியை ஒரு தடவை வைத்தால் போதும். அளவு எடுத்தார். சாக்பீஸால் கோடு போட்டார். மேட்டை எடுத்தால் ஒரு ஆளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. சாய்மானத்துக்குக்கூட இடம் இருந்தது. உற்சாகத்தில் சீட்டி அடித்துக்கொண்டே கத்தரியை எடுத்தார்.

தையலின் முதல் முடிச்சுக்குக் கீழே கத்தரி நுனியை நுழைத்தபோது, தெருமுனையில் திரும்பி வந்த அந்த முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. சும்மா இருந்த நேரத்தில் வந்திருக்கக் கூடாதா, இப்போதுதான் வர வேண்டுமா? கத்தரியை எடுத்தார். மறுபடி நுழைத்தார். மறுபடியும் அதே முகம். இத்தனை வருஷத்தில் அந்த அம்மா தனக்காக மட்டும் போய் வந்தது அந்த ஒரு சுற்றுதான். அதையும் வெட்டி, அதிலும் ஏறி உட்காரப்போகிறோமா என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியால் சாக்பீஸ் கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவரை அழைத்துப்போக டீச்சர் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, மேசையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கத்தரியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

கேள்வி வந்துவிட்டது. பின்சீட்டுக்காரர் வாயைத் திறந்தார். டாக்டர் வந்தார் என்றார். கண்கள் தண்ணீர்ச் செம்பைத் தேடின.

டீச்சர் தையல் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ம், சொல்லுங்க."

அவ்வளவுதான், மடை திறந்ததுபோல எல்லாம் வந்தது. சீட்டில் ஒரு குறையும் இல்லை, அவர் கண்ட சீட்டிலேயே அதுதான் நல்ல சீட்டு, அவர் சொன்னது பொய். முதுகு அசையவில்லை.

"அந்த வண்டியில எனக்கு இடம் இல்ல டீச்சர். நான் எங்க உட்கார்ந்து உங்ககிட்ட பேசுவேன்? அதான் சொன்னேன்."

தெருவில் ஒரு கார் போனது. டீச்சரைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு போனது.

"சீட்டு நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உட்கார்ந்தது நான்தானே" என்றார் டீச்சர், திரும்பாமலே.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்திருந்தால் ஏன் சாவியைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"சீட்டைப் பத்தி நீங்க பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. அப்படிச் சொல்றீங்கன்னா ஏதோ பெரிசா இருக்கும். அது என்னன்னு நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

அப்படியானால் ஊரெல்லாம் தன்னைப் பாராட்டிக்கொண்டு திரிந்தது?

"அது தண்டனை" என்றார் டீச்சர். முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் சிரிப்புதான்.

வண்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பின்சீட்டுக்காரர் சொன்னார். சொன்னபோது மனது கனத்தது உண்மை. ஆனாலும் சொன்னார். இந்தத் தடவை ஸ்டூலைச் சுற்றி முன்னால் போய் நின்று, ஹெல்மெட்டுக்குள் இருந்த கண்களைப் பார்த்தே சொன்னார்.

சீட்டு சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, பொய்யை எடுத்துவிட்டோம் என்றார் டீச்சர். டாக்டருக்குப் புரியவில்லை, ஆனால் இடுப்பு வலி அன்றே போய்விட்டது. ஸ்கூட்டரைக் கொடுப்பதற்கு முன்னால் பின்சீட்டுக்காரர் அதன் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, டாக்டருக்கு வேறொன்று தைத்துப் போட்டார்; அதில் முன்பாதிக்கும் மூன்று அடுக்கு ஃபோம் வைத்தார். கழற்றிய சீட்டை இரண்டு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வீட்டு பால்கனியில் போட்டார்கள். சாயங்காலம் டீச்சர் வந்து முன்பாதியில் உட்காருவார், இவர் பின்பாதியில். பக்கத்து வீட்டார் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்கு பஸ்ஸில்தான் போனார். பழக்கதோஷத்தில் ஒருநாள் முன்சீட்டில் இருந்த யாரோ ஒருவரின் முதுகிடம், கேஸ் தீரப்போகிறது என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, தன்னிடம் இன்னொரு சிலிண்டர் இருக்கிறது என்றாராம்.

டீச்சர் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போனார், வந்தார். விடுமுறை நாளில் காலையில் தனியாக எங்கேயோ ஒரு சுற்றுப் போய்விட்டு, காற்று கலைத்த தலையோடு வந்து நிற்பார். எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் பால்கனியில் எப்படியும் வந்துவிடும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், சீட்டில் ஈரம் இறங்கியிருக்கிறதா பாருங்கள் என்று டீச்சர் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். பின்சீட்டுக்காரர் சீட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்ளங்கையை ஓட்டினார். ஈரம் இல்லை. முன்னாலிருந்து பின்னால் வந்த கை, பாதியில் நின்றது.

சீட்டின் முன்பாதி மட்டும் அமுங்கியிருந்தது. பின்பாதியில் கை படாத தோல் அப்படியே பளபளத்தது. அந்தச் சின்ன ஒற்றை சீட்டில், ஓட்டுகிறவர் தினமும் நுனியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஒரு ஆள் ஏறுவதற்கு இடம் விட்டு. அன்றைக்கு டாக்டர் தெருவில் நின்று கத்தியது இதைத்தான். தன் பின்சீட்டு போகிறதே என்ற கவலையில் இவர் காதில் அது விழவே இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்தபடியே தையலை ஆராய்வதுபோல இருந்தார்.

"என்ன, ஃபோம் போயிடுச்சா?" என்று டீச்சர் வாசலிலிருந்து கேட்டார்.

"இல்ல" என்றார் அவர். "சீட்டு நல்லா இருக்கு."

பள்ளம் விழுந்த சீட்டை நிரவிக் கொடுப்பது அவர் தொழில். அதை மட்டும் அவர் நிரவவில்லை. துடைத்து, இருந்தபடியே கொண்டுபோய் வண்டியில் மாட்டிவிட்டார்.